ஓட்டுநர் கேட்ட அரைமணி நேரம்

வெளியூர்ப் பயணம் புறப்படும்போது எத்தனையோ பொருள்களை எண்ணியெண்ணி எடுத்து வைக்கிறோம். தண்ணீர்க் குடுவை, இரத்த அழுத்த மாத்திரை, குழந்தைக்கு மாற்றுடை, வாந்தி வந்தால் முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழம் என்று பட்டியல் நீளும். எரிவாயு உருளையின் திருகை மூடினோமா என்று வாசற்படி வரை வந்தபின் திரும்பிச் சென்று பார்ப்பவரும் உண்டு. ஆயினும் ஒரு செய்தியை மட்டும் நம்மில் பெரும்பாலோர் கேட்டறிவதில்லை. நம்மைக் கொண்டுசெல்லப் போகும் ஓட்டுநர் கடைசியாக எப்போது உறங்கினார் என்பதே அது.

இதைக் கேளாமல் விட்டதால் நேர்ந்த ஒன்றைப் பற்றி எழுதவேண்டும் எனப் பல ஆண்டுகளாக எண்ணி வந்தோம். பிறர் பிழையை எழுதுவது எளிது. தம் பிழையை எழுதும்போது பேனா தயங்குகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் புறப்படும் குடும்பத் தலைவர் ஒருவரேனும் இதைப் படித்துச் சற்றே நிற்பாரானால், நம் தயக்கம் பெரிதன்று.

இதை எழுதும் நாம், திருச்சிக்கு அடுத்த துவாக்குடித் தொழிற்பேட்டையில், கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றியோம். கடைசிப் 18 ஆண்டுகள் மேற்பார்வையாளர் பொறுப்பு. கிரைண்டர் பிடிப்பவர் கண்ணாடி அணியாதிருந்தால், மின்விசையை அணைத்துவிட்டுத்தான் அவரிடம் பேசுவோம். லேத்தில் நிற்பவரின் சட்டைக்கை தளர்ந்து தொங்கினால் மடித்துவிடச் சொல்வோம். வெல்டிங் நடக்கும் இடத்தருகே எண்ணெய்த் துணி கிடந்தால் அன்று முழுதும் நம் முகம் சரியாய் இராது. தொழிலாளர் நமக்கு இட்ட பெயர் ‘கண்ணாடி சார்’. நம் காதுபடச் சொல்லமாட்டார்கள். ஆயினும் நமக்குத் தெரியும். தெரிந்து உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு.

ஆண்டுதோறும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். 1966-ஆம் ஆண்டு அந்நாளில் தேசியப் பாதுகாப்புக் குழு தோற்றுவிக்கப்பட்டதை நினைவுகூர்ந்து, நாடெங்கும் தொழிற்கூடங்களில் உறுதிமொழி எடுப்பார்கள். நம் பட்டறையில் அந்த உறுதிமொழியை உரக்கப் படித்தவர் நாமே.

ஒருமுறை கிரேன் இயக்கும் தொழிலாளி ஒருவர், காய்ச்சல் கண்ட மகளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இரண்டு இரவுகள் விழித்திருந்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். கூலி போய்விடுமே என்ற அச்சம். கொக்கியில் இரும்புத் தகட்டுக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தபோது, அவர் இமைகள் கனத்துச் சரிவதைக் கண்டோம். பாரத்தைக் கீழே இறக்கச் செய்து, கருவிக் கிடங்கில் பாய் விரித்து அவரைப் படுக்கச் சொன்னோம். வருகைப் பதிவேட்டில் அன்று அவருக்கு முழுநாள் எழுதினோம். மாலையில் எழுந்து வந்த அவர் ஒன்றும் பேசாமல் நம் கையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பலரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம்.

பட்டறைக்குள் இவ்வளவு அறிந்திருந்த நாம், பட்டறை வாயிலைத் தாண்டியதும் அறியாதவர் ஆனோம்.

2012-ஆம் ஆண்டு மே மாதம். நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட தங்கையின் மூத்த மகளுக்குத் திருமணம். நாம் தாய்மாமன். காலை ஒன்பது மணிக்குத் திருமணத் திருப்பலி. பொழுது புலரும் முன்பே தங்கை வீட்டில் இருந்து, சீர்த்தட்டுகளை ஒழுங்குசெய்து, மாமன் என்ற முறையில் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்பது நம் விருப்பம். உறவினர் பதினொருவருக்கு ஒரு வேன் பேசினோம். உரிமையாளரிடம் இருந்தது அந்த ஒரே வண்டிதான். அதற்கு ஒரே ஓட்டுநர். லால்குடிப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர். முப்பது வயது இருக்கும்.

இரவு பத்து மணிக்கு வரவேண்டிய வண்டி பதினொன்றை நெருங்கும்போது வந்தது. கதவைத் திறந்தால் தரையெங்கும் கடற்கரை மணல். இருக்கையின் இடுக்கில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று கிடந்தது. அன்று காலை ஒரு குடும்பத்தை வேளாங்கண்ணிக்கு ஏற்றிச் சென்று, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நம் இல்லத்தரசி விளக்குமாறு எடுத்து வந்து மணலைக் கூட்டித் தள்ளினாள். “சாப்பிட்டாயிற்றா தம்பி?” என்று நாம் கேட்டோம். “ஆச்சு ஐயா” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. மணலைப் பார்த்தோம், சிவந்த கண்களையும் பார்த்தோம். பார்த்தவற்றைக் கூட்டி விடை காண நமக்கு மனமில்லை. நேரமாகிவிட்டதே என்ற நினைப்பு.

மதுரை தாண்டியது. பிள்ளைகளும் பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டனர். முன்னிருக்கையில் நாம். சாத்தூரை அடைந்தபோது மணி இரண்டே முக்கால். சாலையோரத் தேநீர்க்கடையில் வண்டியை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டார். தேநீர் அருந்தியபின், தயங்கித் தயங்கி நம்மருகே வந்து, “ஐயா, ஓர் அரைமணி நேரம் சாஞ்சுக்கட்டுமா? கண்ணு எரியுது” என்றார்.

வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் வாதாடியிருப்பார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். “விடியுமுன் போய்விடவேண்டும் தம்பி. அங்கே போய் நாள் முழுக்கத் தூங்கலாமே” என்று கனிவாகவே சொன்னோம். அவரும் சிரித்து, “சரி ஐயா, பழக்கந்தான்” என்று வண்டியில் ஏறிவிட்டார். சாத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு மூன்று மணி நேரப் பயணம். ஆறு மணிக்குச் சேரவேண்டியவர்கள் ஆறரைக்குச் சேர்ந்திருப்போம். திருப்பலி ஒன்பது மணிக்கு. இந்தக் கணக்கை அன்று போடவில்லை. அதற்குப் பின் போடாத நாளில்லை.

கோவில்பட்டியைக் கடந்து கயத்தாற்றை நெருங்கும்போது நாமும் கண்ணயர்ந்துவிட்டோம். விழித்தபோது வேன் சாலையின் மையத் தடுப்பில் ஏறி, அரளிச் செடிகளை முறித்துக்கொண்டு வலப்புறமாகச் சாய்ந்து கிடந்தது. மணி மூன்றே முக்கால். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர்தாம் முதலில் இறங்கி ஓடி வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காவல்துறையும் நீதிமன்றமும் அலைக்கழிக்கலாகாது என்ற சட்டப் பாதுகாப்பு 2019-இல்தான் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது இல்லாத அக்காலத்திலும் அவர் நின்றார். 108 வண்டி வந்தது. நம் நெற்றியில் ஆறு தையல், இல்லத்தரசிக்குக் காறையெலும்பு முறிவு, மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். ஓட்டுநரின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது.

பாளையங்கோட்டையில் ‘ஹைகிரவுண்டு’ என்று மக்கள் அழைக்கும் அரசு மருத்துவமனையில் அவருக்குக் காலைக் காப்பாற்றித் தந்தார்கள்; கம்பியும் தகடும் வைத்துத்தான். இனி அந்தக் காலால் பிரேக்கை நம்பி மிதிக்க முடியாது.

காவலர் வந்து நம் வாக்குமூலத்தைக் கேட்டார். “ஓட்டுநர் உறங்கிவிட்டார்” என்றோம். அது உண்மை. சாத்தூர்த் தேநீர்க்கடையைப் பற்றிக் காவலர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அதிவேகமாகவும் அசட்டையாகவும் ஓட்டியதாக, அந்நாளில் வழக்கிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவும் பிறவும் சேர்த்து வழக்குப் பதிவாயிற்று. முதல் தகவல் அறிக்கையில் ஒரே ஒருவர் பெயர் மட்டும் குற்றத்திற்குரியவராக இருந்தது. அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பின்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் விதிக்கப்பெற்றார். அபராதத் தொகையை நாம் கட்டினோம். பணம் கட்டியதால் ஏதோ செய்துவிட்டதாகச் சில நாள் நம்மை நாமே தேற்றிக்கொண்டதும் உண்டு.

நான்கு மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி நமக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். சொல்ல வேண்டியதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அன்று சாத்தூரில் நாம் உங்களைப் படுக்க விட்டிருக்கவேண்டும் என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “வண்டி என் கையிலதானே இருந்துச்சு ஐயா. நான்தான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்த வாடகைக்கு ஓனர் வேற ஆளைக் கூப்பிடுவாரு. உங்களையும் மனசுல வச்சுக்கல” என்றார். அவர் கோபித்திருந்தால் திரும்பி வரும் வழி நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பின்னரே உறக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். 1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்கு ஒப்பாகிறது என்று அவர்கள் கண்டனர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்துள்ள வரம்பு 30 மில்லிகிராம். வேளாங்கண்ணிப் பயணத்திற்காக அந்தத் தம்பி அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்தவர். கயத்தாற்றருகே வண்டி சாய்ந்தபோது அவர் விழித்து 24 மணி நேரம் கடந்திருந்தது. மது வாடை வீசும் ஓட்டுநர் வந்திருந்தால் அன்றிரவு நாம் வண்டியில் ஏறியிருப்போமா? வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம். உறக்கமின்மைக்கு வாடை இல்லை.

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. நள்ளிரவு கடந்து இரண்டு மணியிலிருந்து விடியும் வரை அது உடலை உறக்கத்தை நோக்கியே இழுக்கிறது. உடலின் வெப்பமும் அப்போது தாழ்கிறது. பிற்பகல் இரண்டு மணியளவில் மற்றொரு சிறு தளர்ச்சி. பழக்கம் என்று ஓட்டுநர் சொல்வதும், பழக்கம்தானே என்று நாம் நம்புவதும் இந்தக் கடிகாரத்தின் காதில் விழுவதில்லை. மிகவும் களைத்தவர் சில நொடிகள் உறங்கி விழிப்பார். உறங்கியது அவருக்கே தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு நொடி கண் மூடினால், ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவுக்கு வண்டி ஆளின்றி ஓடுகிறது என்று பொருள்.

முகம் கழுவுதல், சன்னலைத் திறந்துவிடுதல், பாட்டை உரக்க வைத்தல் ஆகியவை சில நிமிடங்களுக்கே உதவும். காப்பி உதவும், ஆனால் குடித்து அரைமணி நேரம் அளவுக்குப் பின்பே அதன் பயன் முழுதாகத் தெரியும். களைத்த உடலுக்கு மருந்து உறக்கம் ஒன்றே. பதினைந்து அல்லது இருபது நிமிடம் கண்ணயர்ந்தாலும் தெளிவு பிறக்கும். இரவு முழுதும் விழித்தவருக்கு அதுவும் கடன் அடைப்பதாகாது. வட்டி கட்டுவதே ஆகும். அவர் கேட்ட அந்த அரைமணி நேரம் நம்மைக் காப்பாற்றியிருக்குமா என்றால், உறுதியாகச் சொல்ல இயலாது. அவரைப் புறப்படவே விட்டிருக்கக்கூடாது என்பதுதான் உண்மை.

படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. பட்டறையில் கிரேன்காரரைப் படுக்க வைத்த நாம், சாலையில் வேன்காரரை ஏன் எழுப்பி ஓட்டினோம்? பட்டறை நமக்குத் தொழிற்கூடம். ஆகவே அங்கே உழைப்பவரின் உடல் நம் கண்ணுக்குப் பட்டது. வேன் நமக்குப் பயணம். அது ஒருவருக்குத் தொழிற்கூடம் என்பது தோன்றவே இல்லை. ஒரே வண்டிக்குள் பதினொருவர் திருமணத்துக்குச் செல்கிறார்கள், ஒருவர் வேலை செய்கிறார். அவருடைய ஷிப்ட் எப்போது தொடங்கியது என்று கேட்பவர் எவருமில்லை.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு 8 மணி நேரம் என்றும், ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி நேரமேனும் இளைப்பாறல் வேண்டும் என்றும் வகுத்தது. சாத்தூரில் அவர் தயங்கிக் கேட்ட அதே அரைமணி நேரம்! ஆனால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தும். ஒரு வண்டியும் ஓர் ஓட்டுநரும் கொண்ட வாடகை வேன் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. பின்னர் இவ்விரு சட்டங்களும், தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை பற்றிய 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்தினுள் இணைக்கப்பட்டன. எந்தச் சட்டமானாலும், நள்ளிரவில் தேநீர்க்கடை வாசலில் ஓட்டுநருக்கு எதிரே நிற்பவர் வாடகைக்கு அமர்த்தியவரே. அங்கே ஆய்வாளர் இல்லை.

பெர்னார்தினோ ராமட்சினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-ஆம் ஆண்டு தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என அவரைப் போற்றுவர். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீர் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்கவேண்டும் என்று சொன்னவர் அவர். அந்நூலை எழுத அவரைத் தூண்டிய நிகழ்ச்சி அவர் வீட்டிலேயே நடந்தது. மொதேனா நகரில் அவரது இல்லத்து மலக்குழியைத் துப்புரவு செய்தவர் பதைப்போடு வேலை செய்வதைக் கண்டு, ஏன் இவ்வளவு அவசரம், மெல்லச் செய்யலாமே என்று ராமட்சினி கேட்டார். குழிக்குள் நெடுநேரம் இருந்தால் கண் கெட்டுவிடும் என்று அந்தத் தொழிலாளி விளக்கினார். அந்த மறுமொழி மருத்துவரைச் சிந்திக்கவைத்தது. தம் வீட்டு வேலைக்கு வந்தவரின் அவசரத்தைக் கண்டு, மெல்லச் செய் என்றார் அவர். நம் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவரின் களைப்பைக் கண்டு, விரைந்து செல் என்றோம் நாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த மனிதர் முன்னே நாம் வெட்கப்பட்டு நிற்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மைய அரசின் அறிக்கை கூறுகிறது. அவற்றுள் எத்தனை விபத்துகளுக்குப் பின்னால் மறுக்கப்பட்ட ஓர் அரைமணி நேரம் இருந்தது என்பதை எந்த அறிக்கையாலும் எண்ணிச் சொல்ல முடியாது. நம்மைப் போல் வாய்மூடி இருந்தவர்கள் பலர் இருப்பார்கள்.

இப்போது நம் இல்லத்தில் சில வழக்கங்கள் வந்துள்ளன. வண்டி பேசும்போதே, முந்தின இரவு ஓட்டுநர் வீட்டில் உறங்கியிருக்கவேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுவோம். அதற்காகக் கூடுதலாகக் கேட்டாலும் தந்துவிடுவோம். வண்டி வந்ததும் மூன்று கேள்விகள்: எப்போது உறங்கினீர்கள், எப்போது உண்டீர்கள், இன்று எத்தனை மணியிலிருந்து ஓட்டுகிறீர்கள்? கூடியவரை இரவுப் பயணத்தைத் தவிர்த்து, முதல் நாள் பகலிலேயே புறப்படுகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி எல்லாரும் இறங்கி நடக்கிறோம். அது நம் கால்களுக்கும் நல்லது. முன்னிருக்கையில் இருப்பவர் உறங்கலாகாது. ஓட்டுநர் அடிக்கடி கொட்டாவி விட்டாலும், வண்டி கோட்டைவிட்டு விலகி விலகி வந்தாலும், கடந்துவந்த ஊரின் பெயர் அவருக்கு நினைவில்லாது போனாலும், அப்போதே நிறுத்தச் சொல்கிறோம்.

தங்கும் இடத்தில் ஓட்டுநருக்கும் படுக்கை உண்டா என்று கேட்ட பின்பே அறை எடுக்கிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொசுக்கடியில் வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவரிடம், மறுநாள் காலை முழுக் கவனத்தை எப்படி எதிர்பார்ப்பது? 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்களுக்கு உறங்குமிடமும் கழிப்பறையும் அமையவேண்டும் என்று வகுத்தது நல்ல செய்தி. திருமண அழைப்பிதழில் விருந்தினர் தங்குமிடத்தைக் குறிக்கும் நம்மவர்கள், ஓட்டுநர்களுக்கும் மண்டபத்தில் பாயும் தலையணையும் மின்விசிறியும் உள்ள ஒரு மூலையை ஒதுக்கினால் அது பெரிய செலவாகாது. திரும்பிச் செல்லும் விருந்தினர் பத்திரமாக வீடு சேர்வர்.

சென்ற ஆண்டு மீண்டும் நாகர்கோவில் செல்ல நேர்ந்தது. பகல் பயணம்தான். உண்டபின் பிற்பகலில் சாத்தூர் வந்தோம். கடை மாறியிருந்தது, இடம் அதேதான். ஓட்டுநர் இளைஞர்; காலையில் புறப்படும்போதே மூன்று கேள்விக்கும் சரியான விடை சொன்னவர். ஆனாலும் உண்ட களைப்பில் கண்ணைக் கசக்கினார். அவர் கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கவில்லை. “தம்பி, கொஞ்சம் படுங்கள்” என்றோம். “பரவாயில்லை ஐயா, நேரத்தோட போயிடலாம்” என்றார். “நேரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றாள் நம் இல்லத்தரசி. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும் தோளை ஒரு கையால் தாங்கியபடி, மறுகையால் அவர் பக்கத்துச் சன்னலின் திரையை இழுத்துவிட்டாள்.

வேம்பின் நிழலில் வண்டி நின்றது. நாமிருவரும் கடைவாசல் பலகையில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் சேவு வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். அதிகம் பேசவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அவர் பதறியடித்து எழுந்து வந்து, “ரொம்ப நேரம் தூங்கிட்டேனா ஐயா?” என்றார்.

“இல்லை தம்பி. முகம் கழுவிவிட்டு வாருங்கள், தேநீர் சொல்கிறோம்” என்றோம்.